பழைய 70-300 லென்ஸ்: மூன்று ஆடிக் காற்றுக்குப் பிறகு

இந்த லென்ஸ் என் கைக்கு வந்தது 2023 ஆனி மாதம். விலை 6,500 ரூபாய். எனக்கு முன்னால் இரண்டு பேராவது இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். 70 மி.மீ. முதல் 300 மி.மீ. வரை நீளும் ஜூம். வெளிச்சம் நுழையும் வாய் எஃப் 4-இல் தொடங்கி 5.6-க்குச் சுருங்கிவிடும். கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி கிடையாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கேமரா செய்கிற கம்பெனிகள் எல்லாமே இந்த அளவில் மலிவாக ஒன்றைச் செய்து விற்றிருக்கின்றன. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவற்றின் குணமும் குறையும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நான் இதில் எடுப்பது ரயில்களை மட்டுமே. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ இதைக் கொண்டுபோனதில்லை. பறவை எடுப்பவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பணகுடியில் குடியிருக்கிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியை. ரயில் பைத்தியம் முதலில் என் மகனுக்குத்தான் பிடித்தது. அவனுடைய தாய்மாமன் வாங்கிக் கொடுத்த கேமராவும், அதோடு வந்த 18-55 லென்ஸும் அவன் சொத்து. சனி, ஞாயிறுகளில் அவனை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வள்ளியூருக்கும் ஆரல்வாய்மொழிக்கும் வண்டி துரத்தியது நான்தான். அப்போது இங்கே ஒற்றை ரயில் பாதைதான். எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ரயில் கிராசிங்குக்காக நிற்கும். பயணிகள் முணுமுணுப்பார்கள், நாங்கள் கொண்டாடுவோம். அந்தப் பத்து நிமிடத்தில் ரயிலை முந்திப் போய் அடுத்த கேட் அருகே நின்றுவிடலாம். ஒரே வண்டியை மூன்று இடத்தில் எடுத்த நாளும் உண்டு. பிறகு இரட்டைப் பாதை வேலை பகுதி பகுதியாக முடிந்து, 2024 பிப்ரவரியில் வாஞ்சி மணியாச்சி முதல் நாகர்கோவில் வரை முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஊருக்கு நல்லது. ஆனால் கிராசிங் போயிற்று, ரயில் நிற்காமல் ஓடுகிறது. ஸ்கூட்டரில் எக்ஸ்பிரஸைத் துரத்துவது இனி நடக்காத காரியம். ஒரே இடம், ஒரே வண்டி, ஒரே வாய்ப்பு என்று ஆகிவிட்டது. லென்ஸ் வாங்க வேண்டிய கட்டாயம் வந்ததே இதனால்தான். மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனான்; விடுதியில் களவு போய்விடும் என்று கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

இனி லென்ஸ்.

கணக்கில் தொடங்குகிறேன், பழக்கம் விடாது. என் கேமராவில் இந்த லென்ஸை 300 வரை இழுத்து, நூறு மீட்டர் தள்ளி நின்றால், படத்துக்குள் ஏறக்குறைய 8 மீட்டர் அகலம் அடங்கும். எஞ்சினின் முகம் சுமார் 3 மீட்டர். அதாவது முகம் படத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதே இடத்தில் பழைய 18-55-ஐ 55-இல் வைத்தால் 43 மீட்டர் அடங்கும். எஞ்சின் அதில் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியைப் பெரிதாக்க வேண்டுமானால் பாதையை நெருங்க வேண்டும். இப்படி நெருங்கி நெருங்கித்தான் பல பையன்கள் ஜல்லி மேலேயே போய் நிற்கிறார்கள். பாதைக்குள் அனுமதியின்றி நுழைவது சிறை வரை போகக்கூடிய குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது ஓடுவது மின்சார எஞ்சின். அந்தக் காலத்து டீசல்போல ஊரைக் கூட்டிக்கொண்டு வராது, ஆரல்வாய்மொழிக் காற்றில் அதன் சத்தம் எதிர்ப்பக்கம் அடித்துப் போய்விடும். இரண்டு பாதை இருக்கிற இடத்தில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் வண்டி வந்தால் தெரியாது. இந்த லென்ஸில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அது என்னை வயல் வரப்பிலேயே நிறுத்திவைத்திருக்கிறது என்பதுதான். 6,500 ரூபாய் அதற்கே சரியாகப் போயிற்று.

அடுத்த குணம் மலைகளைக் கூட்டிக்கொண்டு வருவது. ஆரல்வாய்மொழி, மேற்கு மலைத்தொடர் முடிகிற இடத்தில் இருக்கும் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பாய்கிறது; முப்பந்தலில் காற்றாலைகளைக் காடு மாதிரி நட்டுவைத்திருப்பது அதனால்தான். வெறும் கண்ணுக்கு ரயில் ஓரிடம், காற்றாலை வேறிடம், மலை எங்கோ தூரம். பின்னால் தள்ளிப் போய் 250, 300-இல் பார்த்தால் மூன்றும் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சினின் தலைக்கு மேல் காற்றாலையின் இறக்கை, அதற்குப் பின்னால் சுவர்போல மலை. பணகுடிப் பக்கம் என்றால் மகேந்திரகிரி. எங்களுக்கு அது தினமும் ஜன்னலில் தெரிகிற மலைதான். ரயிலுக்குப் பின்னால் அது அவ்வளவு உயரமாக நிற்கும் என்று இந்த லென்ஸில் பார்க்கும்வரை தெரியாது. முதல் படத்தை மகனுக்கு அனுப்பினேன். “எஞ்சின் எந்த ஷெட் அம்மா? எண் தெரியவில்லையே” என்று பதில் வந்தது. ஷெட் என்றால் எஞ்சினைப் பராமரிக்கும் கொட்டகை. அவன் ரகம் வேறு. டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் என்றால் டபிள்யூ அகலப்பாதை, ஏ மாறுமின்சாரம், பி பயணிகள் வண்டி என்று மனப்பாடமாகச் சொல்வான். எண் 30-இல் தொடங்கினால் போதும், இராயபுரமா ஈரோடா என்று தேடத் தொடங்கிவிடுவான். வழக்கமாக அந்த வண்டிக்கு வராத வெளியூர் ஷெட் எஞ்சின் வந்தால் அதை ஆஃப்லிங்க் என்கிறார்கள். அன்று அவனுக்குத் தீபாவளி. எனக்கு வெளிச்சம் சரியாக விழுந்தால் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஃபோகஸ். மெதுவாக இருப்பதுகூடப் பரவாயில்லை. அது தேடும். பிடிக்க எதுவும் கிடைக்காதபோது முன்னும் பின்னுமாக ஓடி, கிர் கிர் என்று முனகி, கடைசியில் பனைமரத்தில் போய் நிற்கும். போன வருடம் மகன் விடுமுறை முடிந்து நாகர்கோவில்–கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் புறப்பட்டான். காலை வண்டி அது. ஜன்னல் வழியாக மஞ்சள் துண்டை ஆட்டுவதாகச் சொல்லியிருந்தான். நான் முந்திரித் தோப்பு ஓரம் நின்றுகொண்டேன். எஞ்சின் அழகாக விழுந்தது. பெட்டிகள் வர வர மஞ்சள் துண்டைத் தேடி லென்ஸைத் திருப்பினேன். துண்டு தெரிந்த அந்த நொடியில் ஃபோகஸ் பின்னால் இருந்த தோப்புக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், முந்திரி இலைகள் ஒவ்வொன்றும் நரம்போடு தெரிகின்றன. முன்னால் மஞ்சளாக ஏதோ ஒன்று கரைந்து கிடக்கிறது. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. மகனுக்கும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏற்கெனவே அனுபவசாலிகள் செய்வதுதான் என்று பின்னால் தெரிந்தது. மேல்நிலை மின்கம்பியைத் தாங்கும் கம்பங்களில் கிலோமீட்டர் எண்ணும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். வண்டி வருவதற்கு முன்பே நமக்கு வேண்டிய கம்பத்தின் எண்ணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸின் பக்கவாட்டுச் சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு அதைத் தொடக்கூடாது. எஞ்சினின் முகம் அந்தக் கம்பத்துக்கு நேராக வரும்போது அழுத்தினால் கண்ணாடி துடைப்பான்கூடத் தெளிவாக இருக்கும். இதைப் பழகியபின் பத்துக்கு ஏழு படம் தேறுகிறது. முன்பு மூன்று தேறினால் அதிகம். கம்பங்கள் காட்சியைக் கெடுக்கின்றன என்று புலம்புகிறவர்கள் பலர். இந்த லென்ஸ் வைத்திருப்பவர் அப்படிப் புலம்பக்கூடாது.

வேகம். வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஷட்டர் 1/1000 நொடியில் திறந்து மூடுவதற்குள் ரயில் 3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். நூறு மீட்டர் தூரத்தில், பக்கவாட்டில், 300-இல் எடுத்தால் அந்த 3 சென்டிமீட்டர் படத்தில் இருபது புள்ளிக்கு மேல் இழுத்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் எழுத்துகள் எல்லாம் நனைந்த மாதிரி ஆகும். வண்டி நம்மை நோக்கி வரும்போது அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆகவே இந்த லென்ஸில் முகத்தை எடுங்கள். பக்கவாட்டில் எடுக்க ஆசைப்பட்டால் 1/60-க்கு இறங்கி, வண்டியோடு சேர்ந்து உடம்பைத் திருப்பி எடுங்கள். எஞ்சின் நின்று, உலகம் ஓடும். இருபது எடுத்தால் ஒன்று அமையும். அந்த ஒன்றுக்காக மற்றப் பத்தொன்பதை மன்னிக்கலாம்.

இருபத்திரண்டு பெட்டி கோத்த எக்ஸ்பிரஸ் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த வேகத்தில் நம்மைக் கடக்கப் பதினெட்டு நொடி ஆகும். இரண்டு மணி நேரம் காத்திருந்து பதினெட்டு நொடி என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் மீன் பிடிக்கப் போகிறவர். நான் பதில் சொல்வதில்லை.

பெட்டிகளில் ஊர்ப்பெயர் ஓடும் மின்பலகை பற்றி ஒரு வார்த்தை. 1/1000-இல் எடுத்தால் பலகை பாதி எரிந்தும் பாதி அணைந்தும் விழும். பழுது லென்ஸில் இல்லை. அந்த விளக்குகள் வரிவரியாக மாறி மாறி எரிபவை. நம் கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. ஊர்ப்பெயர் வேண்டுமானால் ஸ்டேஷனில் நிற்கும்போது 1/100 பக்கம் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸின் பலகையை இப்படித்தான் எடுத்தேன். டில்லிக்குப் போகும் வண்டியில் வள்ளுவர் புத்தகத்தின் பெயர் ஓடுவதைப் பார்க்க ஒரு தமிழாசிரியை என்னோடு வந்திருந்தார். கன்னியாகுமரியில் சிலை இருக்கும்போது வண்டிக்கும் அந்தப் பெயர்தானே பொருத்தம் என்றார்.

காற்று. ஆனி, ஆடியில் இங்கே அடிக்கும் காற்று ஸ்கூட்டரைச் சாய்த்துவிடும். லென்ஸை 300-க்கு இழுத்தால் அதன் குழாய் முன்னால் ஒரு சாண் நீண்டு காற்றுக்குப் பிடி கொடுக்கிறது. கேமரா முக்காலியும் உதவாது, காற்றில் அதன் கால்களே அதிர்ந்து பாடுகின்றன. நான் ஸ்கூட்டரைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, சீட்டின் மேல் அரைக்கிலோ அரிசிப் பையை வைத்து, அதில் லென்ஸைப் படுக்கவைக்கிறேன். இதுவரை இதைவிட நல்ல ஏற்பாடு காணவில்லை. இன்னொரு தொல்லை, லென்ஸைக் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் குழாய் தானாக இறங்கி நீண்டுவிடும். பழைய லென்ஸ், மூட்டு தளர்ந்துவிட்டது. அகலமான ரப்பர் பேண்டு ஒன்றைக் குழாயில் மாட்டிவிட்டேன். ஃபோகஸ் தேடும்போது முன்கண்ணாடியும் சேர்ந்து சுற்றும், ஆகையால் வெயிலின் பளபளப்பை வெட்டும் வடிகட்டி போட்டுப் பயனில்லை. முன்னால் மாட்டும் வெயில் மறைப்புக் குழலைக் கழற்றவே கழற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் ரயிலின் முகவிளக்கு எரியும்போது படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வருகிறார்கள்.

வெளிச்சம்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் லென்ஸைத் திட்டுவது சூரியனைத் திட்ட வேண்டிய இடத்தில். நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் பார்க்க வரும் பாதை ஏறக்குறைய வடகிழக்கே ஓடுகிறது. காலையில் வடக்கே போகும் வண்டியின் முகத்தில் வெயில் நேராக விழும். தெற்கே வரும் வண்டியின் முகம் நிழலில் இருக்கும். மாலையில் இது தலைகீழ். நாகர்கோவிலில் மதியம் இரண்டேகாலுக்கு மேல் புறப்படும் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் இறுதியில் ஓடத் தொடங்கியபோது ஊரே செல்போனோடு நின்றது. நானும் நின்றேன். உச்சிவெயில், வடக்கே போகும் வண்டி, முகத்தில் நிழல். போதாக்குறைக்கு ஜல்லியிலிருந்து எழும் அனல். முந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து 300-இல் எடுத்த படத்தில் அந்தக் கூர்மூக்கு வண்டி தண்ணீருக்கடியில் நீந்துகிற மீன் மாதிரி நெளிகிறது. லட்ச ரூபாய் லென்ஸ் வைத்து எடுத்தாலும் அனல் நெளியத்தான் செய்யும். பத்து மணிக்கு மேல், நான்கு மணிக்கு முன், தூரத்துப் படம் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் மேகம் மூடிய ஆடி நாளில் எடுங்கள். மலையில் சாரல் இறங்கியிருக்கும்போது காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். வண்டியின் நிறம் ஈரத்தில் எடுப்பாகத் தெரியும். என்னுடைய நல்ல படங்கள் எல்லாம் குடை பிடித்துக்கொண்டு எடுத்தவை.

கூர்மை: 70 முதல் 200 வரை குறையில்லை. 250-க்கு மேல் போனால் கொஞ்சம் மசமச. வாயை எஃப் 8-க்குச் சுருக்கினால் பாதி சரியாகிவிடும். வெள்ளைப் பெட்டியின் விளிம்பு வானத்தைத் தொடும் இடத்தில் ஊதா நிறக் கோடு விழும். கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கில் போய்விடும்.

இதை வெளியூருக்கும் கொண்டுபோயிருக்கிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த சில வாரங்களில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். சாலைப் பாலத்தில் நின்று பார்த்தபோது 1914-இல் திறந்த பழைய பாலமும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். பழையது இரண்டு பக்கமும் வாய் பிளந்து வழிவிட்ட பாலம். இந்த லென்ஸ் அங்கே ராஜா. தூரத்திலிருந்து ரயில் கடல் மேல் ஊர்ந்து வரும்போது 300-இல் தண்டவாளமே மறைந்துபோய், தண்ணீர் மேல் வண்டி நடக்கிறது. ஆனால் உப்புக்காற்று. அறைக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திய துணியால் லென்ஸின் உடம்பு முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

ஊட்டி ரயிலுக்கு இதைக் கொண்டுபோனது என் மடத்தனம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறுக்கு மேல் 12.5 அடிக்கு ஒரு அடி ஏற்றம், பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள பல்லைப் பிடித்து ஏறுகிறது. நாம் வண்டிக்குள் இருக்கிறோம், அல்லது ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது அதன் பக்கத்திலேயே நிற்கிறோம். எங்கே தள்ளிப்போய் 300-இல் எடுப்பது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். போதாததற்கு நீராவி கிளம்பியதும் ஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் பைத்தியம்போல் ஓடியது. அங்கே மகனின் பழைய 18-55 தான் மானத்தைக் காப்பாற்றியது.

வாங்கும்போது ஏமாறாமலிருக்க ஒன்று. நான் ஏமாந்தேன். வாங்கிய இடத்தில் “புதுசு மாதிரி” என்றார்கள். வீட்டுக்கு வந்து செல்போன் விளக்கைப் பின்பக்கம் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்திவலைபோல் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். விற்றவருக்கும் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. திருநெல்வேலியில் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். “அலமாரியில் துணியோடு வைக்காதீர்கள் டீச்சர், வெயிலில் கொண்டுபோய் வேலை கொடுங்கள்” என்றார். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். மூன்று ஆடி கடந்தும் பூஞ்சை திரும்பவில்லை. ஆகமொத்தம் 7,700 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவோடு ஒரு பெண் தனியாக வரப்பில் நிற்பதைப் பார்த்தால் கேள்வி வராமல் இருக்காது. ரயில்வேயில் வேலையா, சர்வேயா, நிலம் எடுக்கப் போகிறார்களா என்பார்கள். நிலம் என்றதும் முகம் மாறும். படத்தைக் காட்டினால் தெளிந்துவிடும். ஆடு மேய்க்கும் ஓர் அக்கா இப்போது எனக்குக் காவல். கேட் அடைக்கும் மணி கேட்டதும் “டீச்சர், வண்டி!” என்று குரல் கொடுப்பார். வண்டியோடு அவருடைய வெள்ளாடுகளும் வரவேண்டும் என்பது ஒரே நிபந்தனை. 200-இல் ஆடும் எஞ்சினும் காற்றாலையும் ஒன்றாக விழுந்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். எஞ்சின் கொஞ்சம் மங்கல். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டின் காதைத்தான் பார்த்தார்.

காலாண்டு விடுமுறைக்கு வந்த மகன் இந்த லென்ஸை மெல்லக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் போத்தனூரில் நல்ல நல்ல ஆஃப்லிங்க் எல்லாம் வருகிறதாம்.

“ஆடி முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னீர்களே அம்மா?”

அடுத்த ஆடியைச் சொன்னேன் என்றேன்.